கரிகாலனைக் கொன்றவர் யார்?

சரித்திர பாடப் புத்தகத்தைக் கண்டவுடன் கொட்டாவி விடும் பிள்ளை, சரித்திர நாவல் ஒன்று கையிற் கிடைத்துவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுகின்றது. "பரீட்சை நெருங்குகின்றது, இவன் கதைப் புத்தகமும் கையுமாகத் திரிகின்றானே!" என்று எம்மிடம் முறையிட்ட தந்தையர் உளர். "எங்கள் மகள் சோழர் வரலாறு முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டாள்" என்று பெருமை பேசிய அன்னையரும் உளர். இரு சாராருக்கும் நாம் கூறும் விடை ஒன்றேயாம். பிள்ளை நாவல் படிப்பதைத் தடுக்க வேண்டா. நாவல் படித்ததனாலேயே வரலாறு படித்தாயிற்று என்று எண்ணவும் வேண்டா. கதைக்கும் வரலாற்றுக்கும் இடையே ஒரு வாய்க்கால் ஓடுகின்றது. எந்தக் கரையில் நிற்கின்றோம் என்பதை அறிந்துகொண்டு அதனைத் தாண்டுவதிலேதான் கல்வியின் சுவை அடங்கியிருக்கின்றது.

சரித்திர நாவலுக்கும் ஈழத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த 'மோகனாங்கி'யே தமிழில் எழுந்த முதலாவது சரித்திர நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் கொள்வர். நாயக்கர் காலத்துத் தஞ்சையும் திருச்சிராப்பள்ளியும் அக்கதையின் களங்கள். ஈழத்தவர் ஒருவர் அக்கரை நாட்டின் வரலாற்றைக் கதையாக்கினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், அக்கரையைச் சேர்ந்த கல்கி, இக்கரையிலுள்ள நமது நாட்டைத் தமது கதைக்குள் இழுத்துக்கொண்டார். 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை வாரந்தோறும் வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட அப்பெருங் கதையிற் கோடிக்கரையிலிருந்து படகேறி ஈழத்துக்கு வந்து சேரும் பகுதிகளை நம்மவர் எத்துணை ஆவலோடு படித்தார்கள் என்பதை வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டால் அறியலாம். 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் அது இரண்டு பாகங்களாகத் திரைப்படமாகவும் வந்தபின், நூலைத் தொட்டறியாத சிறுவருக்கும் வந்தியத்தேவன் உறவினனாகிவிட்டான்.

கதையைப் படித்து முடித்த மாணாக்கர் எம்மிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "சேர், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" இக்கேள்வியைக் கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கல்கி மறைத்துவைத்த இரகசியம் சரித்திர ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு தவணைப் பரீட்சையிற் சோழர் வரலாறு பற்றிய வினாவுக்கு, நந்தினியின் சூழ்ச்சியினால் இளவரசன் மாண்டான் என்று ஒரு பிள்ளை அழகிய கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தது. அதற்குப் புள்ளி வழங்க எமக்கு வழியிருக்கவில்லை. அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. ஏனெனில், பழையாறையையும் தஞ்சையையும் அப்பிள்ளை தன் கண்ணாற் கண்டதுபோல நேசித்திருந்தது. அந்த நேசத்தை ஆராய்ச்சியாக மாற்றுவது எப்படி என்பதே நம்முன் உள்ள வினா.

முதலில், கதைமாந்தருள் வரலாற்றில் இருந்தவர் யார், கற்பனையிற் பிறந்தவர் யார் என்பதைப் பிரித்துக்கொள்வோம். சுந்தர சோழர், அவர் மக்களாகிய ஆதித்த கரிகாலன், குந்தவை, அருண்மொழி என்னும் மூவர், கண்டராதித்தரின் தேவியாகிய செம்பியன் மாதேவி, அவர் மைந்தர் உத்தம சோழர் ஆகியோர் சாசனங்களிற் காணப்படுவோர். பழுவேட்டரையர் என்னும் குறுநில மன்னர் குடும்பமும், அமைச்சர் அநிருத்தரும் அவ்வாறே. வந்தியத்தேவன் பெயரும் பொய்யன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிற் குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாராகக் குறிக்கப்படுகின்றார். ஆயினும், அவ்வீரனைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது அத்தகைய சில சொற்களே. அச்சில சொற்களிலிருந்து குறும்பும் துணிவும் நிறைந்த ஓர் இளைஞனைப் படைத்தது கல்கியின் கைவண்ணம். நந்தினியும், பூங்குழலியும், ஆழ்வார்க்கடியானும் அக்கற்பனையில் மட்டுமே வாழ்பவர்கள். ஆகவே, நந்தினியைக் கொலைகாரியாக நிறுத்த எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. பிறவாத ஒருத்திக்கு எவ்வாறு அழைப்பாணை அனுப்புவது?

ஆனால், கொலை கற்பனையன்று. வீரபாண்டியன் தலைகொண்டவன் என்ற பெருமையோடு விளங்கிய சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், ஏறத்தாழ 969ஆம் ஆண்டுக்கும் 971ஆம் ஆண்டுக்கும் இடையிற் கொல்லப்பட்டான். சிறிது காலத்துக்குள் தந்தையார் சுந்தர சோழரும் காஞ்சியிலுள்ள பொன் மாளிகையில் உயிர்நீத்தார். பின்னர் அரியணை ஏறியவர் அருண்மொழியல்லர். அவருக்குச் சிறிய தந்தை முறையினராகிய உத்தம சோழர். 985ஆம் ஆண்டிலேதான் அருண்மொழி, இராசராசன் என்னும் பெயரோடு முடி சூடினார். மூத்தவன் கொலையுண்டான், இளையவன் காத்திருந்தான், இடையில் வேறொருவர் ஆண்டார். இம்மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்தால் யாருக்குத்தான் ஐயம் எழாது?

இக்கொலைபற்றிப் பேசும் தலையாய சான்று ஒரு கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரம் என்னும் சிவாலயம் இருக்கின்றது. அருகே பரந்து கிடப்பது வீராணம் ஏரி. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் கதைத் தொடக்கத்தை நினைவுகூருங்கள், அதே வீரநாராயண ஏரி. கதை தொடங்கும் ஏரிக்கு அண்மையிலேயே கதையின் மையத்திலுள்ள கொலைக்குச் சான்றும் கல்லிற் கிடக்கின்றது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசர் அனுப்பிய ஆணையை எடுத்துரைக்கின்றது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் என்று அது பெயர்கூறிச் சுட்டுவோருள் சோமன் என்பவனும், அவன் தம்பியாகிய பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டமுடைய இரவிதாசனும், மற்றொரு தம்பியாகிய இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்னும் பட்டமுடைய பரமேசுவரனும் உளர். அவர்களுடைய நிலங்களையும் உறவினருடைய நிலங்களையும் கைப்பற்றி விற்குமாறு ஆணை கூறுகின்றது. அவ்வாறு விலைக்கு வந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் பொன் கொடுத்து வாங்கித் தருமத்துக்கு எழுதிவைத்த செய்தியும் அதில் உண்டு.

கல் கூறுவது இவ்வளவே. இனிக் கல் கூறாதன எவை என்று எண்ணிப் பாருங்கள். கொலை எங்கே நடந்தது என்று அது கூறவில்லை. கடம்பூர் மாளிகை கதாசிரியர் தெரிந்தெடுத்த இடம். எந்த நாளில், எந்தக் கருவியால் என்று கூறவில்லை. ஏன் கொன்றார்கள் என்று கூறவில்லை. அவர்களைத் தூண்டியவர் உண்டா என்றும் கூறவில்லை. கொலைஞருக்கு உயிர்த்தண்டனை விதிக்கப்பட்டதாகவும் அதில் இல்லை. கொலைக்கும் அந்த ஆணைக்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அக்காலமெல்லாம் விசாரணை நடந்ததா, தண்டனையின் ஒரு பகுதி முன்னரே நிறைவேறி எஞ்சியது பின்னர் முடிக்கப்பட்டதா என்பனவெல்லாம் அக்கல்லின் மௌனத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இம்மௌனத்தினுள்ளேதான் நாவலாசிரியர் நுழைகின்றார். அவர் எவ்வாறு நுழைகின்றார் என்பதை ஒரு சொல்லைக் கொண்டு விளக்குவோம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். கொல்லப்பட்டவனோ பாண்டியன் தலைகொண்டவன். பாண்டியப் பெயர் தாங்கிய ஒருவன் பாண்டியனைக் கொன்றவனைக் கொன்றான் என்றால், அது பழிக்குப் பழியாக இருத்தல் கூடுமன்றோ? இந்த ஒரு வித்திலிருந்து, வீரபாண்டியனுக்காக உயிர்கொடுக்கச் சபதம் பூண்ட இரவிதாசன் கூட்டமும், நள்ளிரவுச் சதியாலோசனைகளும், நந்தினியின் வஞ்சினமும் முளைத்து மரமாகி நிற்கின்றன. ஆனால், அடுத்த தம்பியின் பட்டத்தைப் பாருங்கள்: இருமுடிச்சோழ பிரமாதிராசன். அது சோழப் பெயர். இவ்வகைப் பட்டங்கள் அரசர் தம் அதிகாரிகளுக்கு அளித்தவை. ஒரே குடும்பத்தில் ஒருவன் பாண்டியப் பெயரும் மற்றவன் சோழப் பெயரும் தாங்கியிருக்க, முதற்பெயரை மட்டும் பற்றிக்கொண்டு முடிவுகட்டுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. கதைக்கோ அது தாராளமாகப் போதும். கதாசிரியருக்கு ஒரு வித்துப் போதும். ஆராய்ச்சியாளன் தோட்டம் முழுவதையும் சுற்றிப்பார்க்க வேண்டும். இருவர் தொழிலும் வேறு.

கல்கி தம் கடமையை அறிந்தவராகவே நடந்துகொண்டார். கொன்ற கை எவருடையது என்பதைத் திட்டமாக உரைக்காமல், இருளும் குழப்பமும் சூழ்ந்த ஒரு காட்சியில் அதனை விட்டுவிட்டார். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மற்றுமொரு செய்தியைத் தருகின்றன. குடிமக்கள் விரும்பி அழைத்தும், சிறிய தந்தைக்கு நாட்டின்மீது விருப்பம் உள்ளவரையில் அரசை மனத்தாலும் வேண்டேன் என்று அருண்மொழி மறுத்தார் என்பதே அது. நாவலின் இறுதிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வந்ததன் வேர் இங்கேதான் இருக்கின்றது. செப்பேட்டிலுள்ள ஒரு குறிப்பு ஒரு பாகமாக விரிந்த அதிசயத்தைக் கண்டு மகிழ்வதற்கும் செப்பேட்டை அறிந்திருத்தல் வேண்டும். ஆராய்ச்சி கதையின் சுவையைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இனி ஆராய்ச்சியாளர் கூற்றைக் கேட்போம். சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், இக்கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். கொலையினாற் பயன்பெற்றவர் அவரே என்பதும், அவர் ஆட்சி முடியும்வரை கொலைஞருடைய நிலம் கைப்பற்றப்படவில்லை என்பதும் அவ்வையத்துக்கு இடமளிப்பன. 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இயற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதனை மறுத்தார். உத்தமருடைய மைந்தர் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசனின் ஆட்சியில் உயர்ந்த பதவியில் இருந்து கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்திருக்கின்றார். உத்தமரின் தாயார் செம்பியன் மாதேவி இறுதிவரை பெருமதிப்போடு வாழ்ந்திருக்கின்றார். தமையனைக் கொல்வித்தவர் குடும்பத்தை ஒருவர் இவ்வாறு போற்றுவாரா என்று கேட்பதற்கு இடமிருக்கின்றது. குடவாயில் பாலசுப்பிரமணியன் அக்கல்வெட்டை மீண்டும் ஆராய்ந்து, அதன் தன்மையையே புதிதாக விளக்கினார். அண்மைக்காலத்திலோ, பயன்பெற்றவர் யார் என்ற அதே கேள்வியை நீட்டிக்கொண்டு போய், இராசராசன்மீதும் குந்தவையார்மீதும் பழிசுமத்துவோரும் தோன்றியுள்ளனர்.

ஒரு கல், அதிலிருந்து எத்தனை குற்றவாளிகள்! பயன்பெற்றவன் குற்றவாளி என்பது துப்பறியும் கதைக்கு உகந்த விதியாகலாம். நீதிக்கு அது போதாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர் எழுந்து வந்து தம் பக்கத்தைக் கூறமாட்டார். அவருக்காக வாதாட வழக்கறிஞரும் இல்லை. அத்தகைய ஒருவர்மீது கொலைப்பழி சுமத்துமுன், உயிரோடுள்ள அயலவர்மீது சுமத்துவதற்கு எவ்வளவு சான்று வேண்டுமோ அவ்வளவு சான்றை நாம் கேட்க வேண்டாமா?

இவ்விடத்தில், அக்கல்வெட்டின் மற்றொரு பகுதியை வாசகர் கவனித்தல் வேண்டும். நிலம் இழக்கவேண்டியவர் பட்டியல் கொலைஞரோடு முடிந்துவிடவில்லை. அவர்களுடைய மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த அம்மான்மார், சகோதரிகளை மணந்தோர், புதல்வியரை மணந்தோர் என்று அப்பட்டியல் நீண்டு செல்கின்றது. கொலை நடந்த காலத்திற் பிறவாத குழந்தைகளும் அக்குடும்பங்களில் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்த குற்றம் யாது? ஒரு தங்கையைக் கைப்பிடித்தவன் செய்த துரோகம் யாது? அக்காலத்து அரச நீதி அவ்வாறு இருந்தது. அதனை இன்றைய அளவுகோலால் அளந்து இராசராசனைத் தூற்றுவது எமது நோக்கமன்று. ஆயினும், படிக்கும்போது நெஞ்சு சற்றே கனக்கின்றது. வீட்டைவிட்டும் நிலத்தைவிட்டும் பெயர்ந்து செல்வது எத்தகையது என்பதை நம் நாட்டிலே பல குடும்பங்கள் அறியும்.

அந்தப் பட்டியலை ஆயிரம் ஆண்டுகளின் பின்னரும் நாம் நீட்டிக்கொண்டிருக்கலாமா? அதுவே எமது கேள்வி. கல்லிற் கூறப்பட்ட சிலருடைய குலத்தைச் சுட்டி, அக்குலத்தாரே இப்படிப்பட்டவர் என்று இன்று பேசுவோர் இருக்கின்றனர். நாவலில் வரும் சதிகாரனை மனத்திற்கொண்டு, பாண்டிய நாட்டார் வஞ்சகர் என்று வேடிக்கையாகவேனும் கூறும் சிறுவரையும் கண்டிருக்கின்றோம். கதையை வரலாறு என்று கொள்ளுதல் பரீட்சையிற் சில புள்ளிகளை இழப்பதோடு முடிவதாயின் நாம் இத்துணை எழுதியிருக்கமாட்டோம். அது உயிரோடு இருப்பவர்மீது பழியாக வந்து இறங்குகின்றது.

நமது நாட்டிற் பழைய மன்னர்கள் இன்றும் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகின்றார்கள். எல்லாளனும் துட்டகைமுனுவும் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தோர். அவர்கள் கதையை நமக்கு விரித்துரைக்கும் மகாவம்சம் ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்து இயற்றப்பட்டது. அந்நூல் காவியமுமாகும், வரலாறுமாகும். அதனைப் படியாமலே அதன் பெயரால் மோதுவோர் இரு பக்கத்திலும் உளர். படித்தவர் அறிவர்: ஆராய்ச்சி மணி கட்டி நீதி செலுத்தியவன் என்று எல்லாளனைப் புகழ்வதும், வென்றவன் தோற்றவனுக்கு நினைவிடம் அமைத்து வணக்கம் செய்வித்தான் என்று கூறுவதும் அந்நூலேயாம். கன்றை இழந்த பசு மணியடித்த கதையைத் திருவாரூர் மனுநீதிச் சோழன்மீது நாம் கேட்டிருக்கின்றோம். அதே கதை அங்கே எல்லாளன்மீது வருகின்றது. ஒரே கதை இரு மன்னரைச் சென்றடைந்த விதம் என்ன என்று ஒரு மாணாக்கன் கேட்கத் தொடங்கிவிட்டால், அவன் கையில் அக்கதை வாளாக மாறாது, விளக்காகவே இருக்கும்.

'பொன்னியின் செல்வ'னின் ஈழப் பகுதியையும் இவ்வாறே ஆராயலாம். சுந்தர சோழர் காலத்திற் சோழப்படை இங்கு வந்ததும், கொடும்பாளூர்ச் சிறிய வேளார் ஈழத்துப் போரில் மடிந்ததும் சாசனங்களால் அறியப்படுவன. இளவரசர் அருண்மொழி இங்கு தங்கியிருந்து செய்த தீரச்செயல்களோ கதையைச் சேர்ந்தவை. அரசரான பின்னர், 993ஆம் ஆண்டளவில் அவர் படை ஈழத்தின் வடபகுதியை வென்றது. 1017ஆம் ஆண்டில், அவர் மைந்தர் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுசென்றது. 12 ஆண்டுகள் கழித்து அம்மன்னன் அங்கேயே உயிர்நீத்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. கதையில் அருண்மொழி ஈழத்தாரின் அன்பைப் பெறுகின்றார். வரலாற்றிலோ வென்றவரும் உண்டு, தோற்றவரும் உண்டு, சிறையில் மாண்ட மன்னனும் உண்டு. இரண்டையும் அறிந்தவனே நடுநிலையாளன்.

சில ஆண்டுகளுக்குமுன் எம் மாணாக்கருடன் பொலனறுவைக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். அங்கே இரண்டாம் சிவதேவாலயம் என்று குறிக்கப்படும் சிறிய கற்றளி ஒன்று உண்டு. அதன் பழம்பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். அதிராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் அங்கு இருக்கின்றது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு மாணவியின் கண்கள் கலங்கின. "சேர், குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினாரே, அருண்மொழியின் தாயார், அவர் பெயரா?" என்று கேட்டாள். அவள் சொன்ன செய்தி உண்மையே. சுந்தர சோழரின் தேவி இளங்குழந்தையைப் பிரிந்து கணவரோடு தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகக் கூறுகின்றது. "அவராகவும் இருக்கலாம், பிள்ளாய். ஆனால், இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமாகிய அரசிக்கும் வானவன்மாதேவி என்ற பெயர் உண்டு. பாட்டியா, தாயா, யாரை நினைத்து இப்பெயரை வைத்தார்கள் என்பதை நீ தேடிப் பார்" என்றோம். அவள் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பேருந்துக்குத் திரும்பும் வழியில் அவள் எம்மிடம் கேட்டது ஒரு வெற்றுத்தாள்.

அந்த வெற்றுத்தாளையே நாம் எல்லா மாணாக்கருக்கும் பரிந்துரைக்கின்றோம். சரித்திர நாவல் படிக்கும்போது பக்கத்தில் ஓர் அப்பியாசக் கொப்பி இருக்கட்டும். இடப்பக்கத்தில் கதை கூறுவதை எழுதுக. வலப்பக்கத்தில் கல்லும் செப்பேடும் பழநூலும் கூறுவதை எழுதுக. எந்தக் கல், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் தவறாது குறிக்க. சான்று கிடைக்காத இடத்தில் வலப்பக்கத்தை வெறுமையாக விடுக. அவ்வெறுமையை நிரப்பவேண்டும் என்ற ஆசை எழும். எழட்டும், ஆனால் பேனாவை எடுக்க வேண்டா. மாதம் ஒருமுறை, படித்தவற்றைப் பற்றி உங்கள் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதி, இராப்போசனத்தின் பின் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். தாத்தா ஒரு திருத்தம் சொல்லுவார்; தங்கை ஒரு கேள்வி கேட்பாள்; தந்தையார் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் தேடிக்கொண்டு வருவார். பிறர்க்கு எடுத்துச் சொல்ல முற்படும்போதுதான், நாம் அறிந்தது எவ்வளவு, அறிந்ததாக எண்ணியிருந்தது எவ்வளவு என்பது புலப்படும்.

தூர தேசம் செல்லவும் வேண்டியதில்லை. மாதோட்டத்தில் இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுப்பித்த தாழி குமரன் என்னும் சோழ அதிகாரியின் கல்வெட்டுக் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. அவன் எந்த நாவலிலும் நாயகனாகவில்லை. தன் ஊரை விட்டுக் கடல்கடந்து வந்து, அந்நிய மண்ணில் ஒரு கோயிலெடுத்து, விளக்கெரிய வழிசெய்த அம்மனிதனைப் பற்றி உங்களுள் ஒருவர் நாளை ஒரு கதை எழுதலாம். எழுதும்போது, கல்லில் உள்ளதைக் கல்லுக்கும் கற்பனையைக் கற்பனைக்கும் நேர்மையாகப் பங்கிட்டுக் கொடுத்தாற் போதும்.

கரிகாலனைக் கொன்றவர் யார் என்று இனிக் கேட்கும் பிள்ளைக்கு நாம் கூறும் விடை இதுவே: கொன்றவர் என்று கல் சுட்டும் பெயர்கள் உண்டு, தூண்டியவர் என்று எவரையும் கல் சுட்டவில்லை. இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கம் கதை படிக்கும் இன்பத்தைச் சிறிதும் குறைக்காது. உடையார்குடிக் கல்லின் நீண்ட பட்டியலில் ஒரு மருமகன் இருக்கின்றான், ஓர் அம்மான் இருக்கின்றார். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. உங்கள் கொப்பியின் வலப்பக்கத்தில், அவர்களுக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டுவையுங்கள்.